குழலும் குலமும்: ஷேக் சின்ன மௌலானா சாகிபின் வாழ்வும் இசையும்

முன்னுரை

முத்தமிழ் என்று நாம் பெருமையோடு கூறிக்கொள்கிறோம். ஆயினும் கல்லூரிகளில் இயற்றமிழ் ஒன்றே பாடமாக நிற்கிறது. இசைத்தமிழும் நாடகத்தமிழும் முன்னுரைகளில் பெயரளவில் போற்றப்பட்டு, தேர்வுக்கு உரியன அல்ல என்று ஒதுக்கப்பட்டுவிடுகின்றன. இஸ்லாமியத் தமிழிலக்கியம் பயிலும்போதும் இதே நிலைதான். உமறுப்புலவரின் சீறாப்புராணம், குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்கள், கிஸ்ஸா, மசலா, நாமா, படைப்போர், முனாஜாத்து எனத் தமிழுக்கு முஸ்லிம்கள் வழங்கிய இலக்கிய வகைகளைப் பட்டியலிட்டு மகிழ்கிறோம். அப்பட்டியல் ஏட்டோடு நின்றுவிடுகிறது. ஏடும் எழுத்தாணியும் கொள்ளாமல், மூச்சும் விரலும் கொண்டு இம்மண்ணின் கலைக்குத் தொண்டாற்றிய முஸ்லிம் பெருமக்களை அப்பட்டியலில் சேர்க்க நாம் எண்ணுவதில்லை.

அத்தகையோருள் தலையாயவர் நாகசுரக் கலைஞர் ஷேக் சின்ன மௌலானா சாகிப் (1924 - 1999). அவருடைய வாழ்வையும் இசைப்பணியையும் சுருக்கமாக எடுத்துரைத்து, ஒரு கலை மரபு பிறப்பால் வாய்ப்பதா, பயிற்சியால் அடையப்படுவதா என்னும் வினாவுக்கு அவ்வாழ்வு தரும் விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வகுப்பறையில் எழுந்த வினா

இவ்வினா நூலிலிருந்து எழுந்ததன்று, வகுப்பறையில் எழுந்தது. சில ஆண்டுகளுக்கு முன் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை இளங்கலை மாணவர்களுக்கு நடத்திக்கொண்டிருந்தேன். ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என ஒவ்வொருவர்க்கும் உரிய தகுதிகளை இளங்கோவடிகள் வரிசைப்படுத்தும் பகுதி அது. திண்டிவனம் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வரும் முஸ்லிம் மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, குழல் வாசிப்பவனுக்கு இவ்வளவு இலக்கணம் சொல்லியிருக்கிறார்கள். கோயில் மேளத்தில் நமக்கு என்ன இருக்கிறது? அது நம்முடையது இல்லையே?" என்று கேட்டான். குறும்பாகக் கேட்டதன்று; உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டான்.

நான் விடை கூறத் தொடங்குமுன் பின் இருக்கையிலிருந்து மற்றொரு மாணவன் பேசினான். விழுப்புரத்தைச் சேர்ந்த நாகசுரக் குடும்பத்துப் பிள்ளை அவன். "எங்கள் வீட்டிலும் அது இனி இல்லை, ஐயா. இந்த வாத்தியம் என்னோடு நிற்கட்டும், நீ படித்து வேலைக்குப் போ என்று அப்பா சொல்லிவிட்டார்" என்றான்.

பிறப்பால் தனக்கு உரிமை இல்லை என்று ஒருவன் கருதுகிறான். பிறப்பால் உரிமை பெற்ற மற்றொருவனோ அதனைக் கைவிட நேர்ந்திருக்கிறது. இருவர்க்கும் ஒருசேரப் பொருந்தும் விடையாக அன்று என் நினைவில் தோன்றியவர் சின்ன மௌலானா சாகிப் அவர்களே.

கருவியின் இயல்பு

கலைஞரை அறியக் கருவியை அறிதல் வேண்டும். நாகசுரம், நாதசுரம் என இருவகையாக இது வழங்கப்படுகிறது. இக்கட்டுரையில் நாகசுரம் என்ற வழக்கே மேற்கொள்ளப்படுகிறது. ஆச்சா மரத்தில் கடைந்து செய்யப்படும் நீண்ட குழல் இது. மேலே குறுகிக் கீழே விரியும் துளை உடையது. மேல்முனையில் கெண்டை என்னும் சிறு உலோகக் குழாயும், அதன்மேல் சீவாளியும் பொருத்தப்படும். கீழ்முனையில் அணசு என்னும் விரிந்த வாய்ப்பகுதி அமையும். விரல் வைத்து வாசிக்கும் துளைகள் ஏழு. அவற்றுக்குக் கீழே சுருதியைச் செம்மைப்படுத்தும் துளைகளும் உண்டு.

இக்கருவியின் உயிர் சீவாளியில் இருக்கிறது. ஆற்றங்கரைகளில் விளையும் கொருக்கைத் தட்டையைப் பக்குவப்படுத்தி, இரு நாக்குகள் போல் இணைந்து அதிருமாறு அதனைச் செய்வர். மேற்கூறிய வகுப்புக்கு அடுத்த வாரம், நாகசுரக் குடும்பத்து மாணவன் தன் தந்தையார் பயன்படுத்திய பழைய சீவாளி ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தான். வினாவெழுப்பிய மாணவன் அதனை வாங்கி ஊதிப் பார்த்தான். காற்று மட்டுமே வந்தது. வகுப்பு சிரித்தது. கொண்டுவந்தவன் அதனை உதட்டில் நனைத்து, சற்றே அழுத்தி ஊதினான். ஒரே ஒரு கூர்மையான ஒலி எழுந்து அறை முழுவதும் நிறைந்தது. "இதற்கே எனக்கு ஆறு மாதம் ஆயிற்று" என்றான்.

அவன் கூறியதில் இக்கலையின் இலக்கணம் முழுவதும் அடங்கியுள்ளது எனலாம். ஆர்மோனியத்தில் விரல் வைத்தால் சுரம் பிறந்துவிடும். நாகசுரத்தில் விரல் வைத்தால் மட்டும் போதாது. துளையை முழுமையாகவோ பாதியாகவோ மூடுவதாலும், மூச்சின் அழுத்தத்தாலும், உதட்டின் பிடிப்பாலும் ஒவ்வொரு சுரத்தையும் கலைஞன் அவ்வப்போதே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அகாரம், துத்துகாரம், தன்னகாரம் எனக் காற்றை நாவால் பகுத்து ஊதும் முறைகளும், விரலடி என்னும் விரல் நுட்பமும் பல்லாண்டுப் பயிற்சியால் மட்டுமே கைவருவன. பெயரோ குலமோ இங்கே துணைவாரா, மூச்சே துணைவரும்.

கரவதி மண்ணும் குடும்ப மரபும்

சின்ன மௌலானா சாகிப் 1924ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் ஆந்திர மாநிலத்தில் ஒங்கோல் நகருக்கு அண்மையிலுள்ள கரவதி என்னும் ஊரில் பிறந்தார். இன்று பிரகாசம் மாவட்டத்தில் உள்ள அவ்வூர், அன்று சென்னை மாகாணத்தின் குண்டூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அவருடைய முன்னோர் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளாக நாகசுரம் வாசித்து வந்தவர்கள் என்பது அக்குடும்பத்தின் வரலாறு.

நம் பகுதி வாசகர்க்கு இது வியப்பளிக்கலாம். தமிழகத்தில் நாகசுரம் பெரும்பாலும் இசைவேளாளர் முதலிய சமூகத்தாரின் குலத்தொழிலாக இருந்து வந்தது. ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களிலோ பல இஸ்லாமியக் குடும்பங்கள் இதனைத் தொழிலாகக் கொண்டிருந்தன. பஞ்சு கொட்டும் தொழிலால் பெயர்பெற்ற தூதேகுலா சமூகத்தார் ஆலயங்களிலும் திருமணங்களிலும் தலைமுறை தலைமுறையாக நாகசுரம் வாசித்து வந்தனர். ஊர் அவர்களை அழைத்தது, அவர்கள் வாசித்தனர். இதில் எவரும் முரண்பாடு கண்டதாகத் தெரியவில்லை.

சின்ன மௌலானா தம் தந்தையார் காசிம் சாகிபிடம் முதற்பயிற்சி பெற்றார். பின்னர் நாகசுரத்திற்குப் பெயர்பெற்ற சிலகலூரிப்பேட்டையில் ஷேக் ஆதம் சாகிபிடம் பயின்றார். ஆசிரியரும் முஸ்லிம், மாணவரும் முஸ்லிம். பயின்றவையோ தியாகராசர் முதலியோரின் கீர்த்தனைகளும் இராக ஆலாபனையும். தெலுங்கு நாட்டில் தேர்ந்த கலைஞர் என்னும் பெயரை அவர் இளமையிலேயே ஈட்டினார்.

தேர்ந்தவர் மீண்டும் மாணவரானது

அவருடைய வாழ்வில் மிகவும் கருதற்குரிய பகுதி இனித்தான் தொடங்குகிறது. அக்காலத்தில் நாகசுர உலகைத் தம் மூச்சால் ஆண்டவர் திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளை (1898 - 1956). இராக ஆலாபனையை, குறிப்பாகத் தோடி இராகத்தை, அவர் விரித்துரைத்த முறை இசைத்தட்டுகள் வாயிலாகவும் வானொலி வாயிலாகவும் தென்னகமெங்கும் பரவியது. திமிரி என்னும் குட்டையான, உச்சச் சுருதி உடைய குழலுக்கு மாறாக, பாரி என்னும் நீண்ட, தாழ்ந்த சுருதி உடைய குழலை மேடைக்கு உரியதாக நிலைநிறுத்தியவரும் அவரே. அக்குழலைச் செம்மைப்படுத்தித் தந்தவர் நரசிங்கம்பேட்டைக் கைவினைஞர் அரங்கநாத ஆசாரி. இன்றும் அவ்வூர் நாகசுரத் தயாரிப்புக்குப் பெயர் பெற்றுள்ளது; 2022ஆம் ஆண்டு நரசிங்கம்பேட்டை நாகசுரத்திற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இராஜரத்தினம் பிள்ளையின் இசையில் நெஞ்சைப் பறிகொடுத்தவர்களுள் சின்ன மௌலானாவும் ஒருவர். தஞ்சைப் பாணி என்னும் அம்மரபைத் தாமும் கற்க வேண்டும் என்னும் வேட்கை அவரை ஆட்கொண்டது. கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோவிலில் இராஜம், துரைக்கண்ணு என்னும் நாகசுரச் சகோதரர்கள் புகழோடு விளங்கினர். அவர்களிடம் சென்று, மாணவராகப் பணிந்து அப்பாணியைப் பயின்றார்.

இந்நிகழ்ச்சியை நாம் நின்று நோக்குதல் வேண்டும். அவர் புதிதாகக் கற்க வந்த சிறுவர் அல்லர். முந்நூறு ஆண்டுக் குடும்ப மரபு உடையவர். தம் நாட்டில் பெயர் பெற்றவர். தமக்கிருந்த புகழோடு நிறைவுற்றிருக்கலாம். ஆனால் மொழி வேறு, மாநிலம் வேறு, சமயம் வேறு என்றமைந்த ஆசிரியர் முன் மீண்டும் மாணவராக அமர்ந்தார். அவ்வாசிரியர்களும் அவருடைய பெயரை நோக்காது மூச்சை நோக்கிக் கற்பித்தனர். கற்கக் கேட்டவரின் பணிவும், கற்பித்தவரின் பெருந்தன்மையும் ஒருங்கே போற்றத்தக்கன. இவற்றுள் ஒன்று குறைந்திருந்தாலும் தமிழகம் ஒரு பெருங்கலைஞரை இழந்திருக்கும்.

தஞ்சைப் பாணியின் சிறப்பு விரிவில் உள்ளது. திருவிழா இரவுகளில் சுவாமி புறப்பாட்டின்போது மல்லாரியில் தொடங்கி, வீதிதோறும் நின்று நின்று ஒரே இராகத்தை மணிக்கணக்கில் வளர்க்கும் வழக்கத்திலிருந்து உருவானது அது. அவசரம் அங்கே ஆகாது. ஒரு சுரத்தில் நின்று அதன் முழு அழகையும் காட்டிய பின்னரே அடுத்ததற்குச் செல்ல வேண்டும். கீர்த்தனையின் சொல் நயத்தை மதித்து வாசிக்கும் பழக்கத்தோடு இவ்விரிவையும் இணைத்ததில்தான் சின்ன மௌலானாவின் தனித்தன்மை பிறந்தது. இனிய நாதம், தெளிந்த இராக உருவம், சொல் சிதையாத கீர்த்தனை ஆகிய மூன்றும் அவர் வாசிப்பின் அடையாளங்கள்.

திருவரங்க வாழ்வு

நம் விழுப்புரம் சந்திப்பிலிருந்து தெற்கே செல்லும் இருப்புப்பாதை இரண்டாகப் பிரிவதை நாம் அறிவோம். ஒன்று கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம் வழியாகத் தஞ்சைக்குச் செல்கிறது. நரசிங்கம்பேட்டையும் திருவாவடுதுறையும் நாச்சியார்கோவிலும் அப்பாதையின் பக்கத்தில் அமைந்த ஊர்கள். மற்றொன்று விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருவரங்கத்தைத் தொட்டுத் திருச்சிக்குச் செல்கிறது. சின்ன மௌலானாவின் தமிழக வாழ்வு இவ்விரு பாதைகளில் அடங்கும். முதற்பாதையின் ஊர்களில் அவருடைய இலட்சியக் கலைஞரும் ஆசிரியர்களும் வாழ்ந்தனர். இரண்டாம் பாதையின் திருவரங்கத்தில் அவர் குடியேறி, இறுதிவரை அவ்வூரிலேயே வாழ்ந்தார்.

வைணவத்தின் தலைமைப் பதியாகிய திருவரங்கத்தை ஒரு முஸ்லிம் கலைஞர் வாழிடமாகத் தேர்ந்தது பலரை வியக்கச் செய்தது. அவ்வூரின் வரலாற்றை அறிந்தார்க்கு இதில் வியப்பில்லை. அரங்கநாதர் கோயிலுக்குள்ளேயே துலுக்க நாச்சியார் சன்னிதி ஒன்று உண்டு. முஸ்லிம் பெண்ணொருத்தியின் நினைவாக அமைந்ததாகக் கூறப்படும் அச்சன்னிதியில் கோதுமை ரொட்டி படைக்கும் வழக்கமும் இருந்து வருகிறது. அந்நகரின் நினைவில் நம் சமுதாயத்திற்கு ஓர் இடம் முன்பே இருந்தது. அவ்விடத்தில் நம் காலத்துக் கலைஞர் ஒருவர் வந்து அமர்ந்தார் என்றே கொள்ளலாம்.

திருவரங்கத்தில் அவர் சாரதா நாகசுர சங்கீத ஆசிரமம் என்னும் பயிற்சி நிலையத்தை நிறுவினார். மாணவர்களைத் தம்மோடு இருத்திப் பழைய குருகுல முறையில் கற்பித்தார். தாம் பெற்றதைத் தம் பிள்ளைகளுக்கு மட்டும் விட்டுச்செல்லாமல் பிறர்க்கும் வழங்கியது கருதற்குரியது. குலவழியாக வந்த கலையைப் பள்ளிவழியாக மாற்றிய செயல் அது.

அவர் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை, சமயத்தையும் மாற்றிக்கொள்ளவில்லை. அரங்கனிடம் அவர் கொண்டிருந்த ஈடுபாடு பலராலும் எடுத்துரைக்கப்படுகிறது. அதே வேளையில் அவர் முஸ்லிமாகப் பிறந்து முஸ்லிமாகவே மறைந்தவர். இசைக்கருவிகளைக் குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை நாம் அறிவோம். அவ்வழக்கில் தீர்ப்புக் கூறுவது தமிழாசிரியனாகிய எனக்கு உரிய பணியன்று. ஒருவர் தம் சமயத்தைக் கைவிடாமலும், பிறர் சமயத்தை இகழாமலும் இருபாலாரின் மதிப்பையும் பெற்று வாழ்ந்தார் என்னும் வரலாற்று உண்மையைப் பதிவுசெய்வதே என் பணி.

வடக்கே காசியில் ஷெனாய் மேதை உஸ்தாத் பிஸ்மில்லா கான் (1916 - 2006) வாழ்ந்த வாழ்வும் இத்தகையதே. கங்கைக் கரையிலும் காசி விசுவநாதர் கோயிலிலும் வாசித்த அவருக்கு 2001ஆம் ஆண்டு பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது. ஷெனாயும் நாகசுரமும் இரட்டைச் சீவாளி உடைய ஓரினக் கருவிகள். அவற்றை உயர்த்திய இவ்விருவரும் முஸ்லிம்களாக அமைந்தது நம் நாட்டின் பண்பாட்டு வரலாற்றில் சிறப்பாகக் குறிக்கத்தக்கது.

வீதியிலிருந்து அரங்கிற்கு

நாகசுரம் நெடுங்காலம் வீதியின் இசையாகவே இருந்தது. கோயிலிலும் திருமணத்திலும் அதனை விரும்பி அழைத்தவர்கள், வாசித்தவரைச் சமமாக நடத்தியதில்லை. மேற்சட்டை அணிந்து வாசிப்பதற்கும், தோளில் துண்டு போட்டுக்கொள்வதற்கும்கூட நாகசுரக் கலைஞர்கள் உரிமை கோரிப் போராட வேண்டியிருந்தது. அரங்கில் அமர்ந்து கச்சேரி செய்யும் மதிப்பு அவர்களுக்கு எளிதில் வாய்க்கவில்லை.

இந்நிலை நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள், மரம் வெட்டும் முகாம்களிலும் இருப்புப்பாதை போடும் இடங்களிலும் வயிற்றுக்காக உழைத்தனர். அங்கே மாலை நேரக் களிப்பிடங்களில் கிடந்த பழைய பியானோவில் அவர்கள் வளர்த்த இசையே பூகி-வூகி என்பது. புளூஸ் என்னும் அவர்களுடைய துயர இசையிலிருந்து கிளைத்தது அது. இடக்கை தொடர்வண்டிச் சக்கரம்போல் ஒரே தாளக்கட்டை ஓயாது ஒலிக்க, வலக்கை அதன்மேல் தன் விருப்பம்போல் விளையாடும். பியானோவின் கட்டைகளுக்கு இடையிலுள்ள சுரத்தைத் தொட முடியாதென்பதால், அடுத்தடுத்த இரு கட்டைகளை உரசி அழுத்தி அவ்வுணர்ச்சியை வரவழைத்தனர். மீட் லக்ஸ் லூயிஸ், ஆல்பர்ட் அம்மன்ஸ் ஆகிய இருவரும் சிக்காகோ நகரில் வாடகைக் கார் ஓட்டிப் பிழைத்த கலைஞர்கள். அவர்களும் பீட் ஜான்சன் என்பாரும் 1938ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் நியூயார்க்கின் புகழ்பெற்ற கார்னகி அரங்கில் வாசித்தபோதுதான் கற்றோர் உலகம் அவ்விசையைத் திரும்பிப் பார்த்தது.

இரண்டு இசைகளும் தம்முள் வேறுபட்டவை; ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டுத் தரம் காண்பது பொருந்தாது. ஆயினும் இசைத்தவர் நிலை ஒத்திருக்கிறது. உலகம் இசையை முதலில் ஏற்றுக்கொள்கிறது. இசைத்த மனிதனை ஏற்றுக்கொள்ளப் பல்லாண்டுகள் எடுத்துக்கொள்கிறது. அவ்விடைவெளியைக் கடக்கக் கலைஞனுக்குத் துணையாவது அவனுடைய தேர்ச்சி ஒன்றே.

சின்ன மௌலானாவின் வாழ்வில் அவ்விடைவெளி படிப்படியாகக் குறைந்ததைக் காண்கிறோம். 1977ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. சங்கீத நாடக அகாதமி விருதும், தமிழக அரசின் கலைமாமணி விருதும் அவரை அடைந்தன. இலங்கை, அமெரிக்கா, சோவியத் நாடு, ஜெர்மனி, ஹாங்காங் முதலிய வெளிநாடுகளிலும் அவருடைய நாகசுரம் ஒலித்தது. 1998ஆம் ஆண்டுக்குரிய சங்கீத கலாநிதி விருதைச் சென்னை மியூசிக் அகாதமி அவருக்கு அளித்துச் சிறப்பித்தது. கருநாடக இசையுலகின் உயரிய மதிப்பாகக் கருதப்படும் அவ்விருது, அவர் வழிகாட்டியாகக் கொண்ட இராஜரத்தினம் பிள்ளைக்கே வாய்க்கவில்லை என்பதை எண்ணிப் பார்த்தால், நாகசுரம் கடந்துவந்த தொலைவு புலனாகும். அச்சிறப்பைப் பெற்ற சில மாதங்களில், 1999ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள், எழுபத்து நான்காம் வயதில் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

மரபின் தொடர்ச்சி

ஆசிரியரின் பெருமை அவர் மறைவுக்குப் பின்னரே அளக்கப்படும். அவர் மகள் வயிற்றுப் பேரர்களாகிய காசிம், பாபு சகோதரர்கள் அவரிடமே பயின்று, அவர் வழியில் நாகசுரம் வாசித்து வருகின்றனர். அவரிடம் பயின்ற மற்றொரு கலைஞரிணை ஷேக் மெகபூப் சுபானி, காலிஷாபி மெகபூப் தம்பதியர். இவர்களும் ஆந்திரத்தின் நாகசுரக் குடும்பங்களில் தோன்றித் திருவரங்கத்தில் வாழ்பவர்கள். கணவனும் மனைவியும் ஒருங்கமர்ந்து வாசிக்கும் இவர்களுக்கு 2020ஆம் ஆண்டுக்குரிய பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. மூச்சு வலிமை மிக வேண்டப்படும் இக்கருவி ஆண்களுக்கே உரியது என்று கருதப்பட்டு வந்த நிலையில், முஸ்லிம் பெண்மணி ஒருவர் அதில் தேர்ந்து நாட்டின் சிறப்பைப் பெற்றார் என்பது நம் மாணவியர் அறிய வேண்டிய செய்தி.

இனி நம் பகுதிக்கு வருவோம். தில்லானா மோகனாம்பாள் (1968) திரைப்படத்தில் நாகசுரக் கலைஞராக நடித்து, அக்கலைஞனின் தன்மானத்தைத் தமிழர் உள்ளத்தில் பதித்த சிவாஜி கணேசன் நம் விழுப்புரத்தில் பிறந்தவர். திரையில் அவர் வாயில் வைத்த குழலுக்கு ஒலி தந்தவர்கள் மதுரை எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். திரையில் கண்டு போற்றிய அக்கலையைத் தெருவில் நாம் காத்தோமா என்பது நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா. இன்று திருமண ஊர்வலங்களில் செண்டை மேளமும் ஒலிபெருக்கிப் பாட்டும் முன்னே செல்கின்றன. நாகசுரக் கலைஞரைத் தாலி கட்டும் நேரத்திற்கு மட்டும் அழைத்து, கெட்டிமேளம் கொட்டியதும் அனுப்பிவிடும் வழக்கம் பெருகிவிட்டது. தம்மோடு இது நிற்கட்டும் என்று ஒரு தந்தை சொன்னால், அச்சொல்லுக்குப் பின்னால் அவருடைய வெறுப்பு இல்லை. நம்முடைய புறக்கணிப்பே இருக்கிறது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வரும் கருத்துகள் புலனாகின்றன. சின்ன மௌலானா சாகிப் பிறப்பால் ஒரு மரபைப் பெற்றார். அதனோடு அமையாமல், பயிற்சியால் மற்றொரு மரபை அடைந்தார். அடைந்ததைப் பள்ளி நிறுவிப் பிறர்க்கும் பங்கிட்டார். பெற்றது, தேடியது, கொடுத்தது என்னும் மூன்று நிலைகளுள் பின்னைய இரண்டே அவரைப் பெரியோராக்கின. முந்நூறு ஆண்டுக் குடும்பப் பெருமை மட்டும் இருந்திருந்தால் அவர் கரவதியின் கலைஞராக மட்டும் நின்றிருப்பார்.

எனவே, "அது நம்முடையதா?" என்று கேட்ட மாணவனுக்கு நான் கூறும் விடை இது: கற்க முன்வருபவனுக்கு அது உரியது. "எங்கள் வீட்டில் இனி இல்லை" என்ற மாணவனுக்கும் அதே விடைதான். வீட்டில் நின்றுபோனாலும் பள்ளியில் தொடரலாம். விழுப்புரத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி உள்ளது. நாகசுரமும் தவிலும் அங்கே கற்பிக்கப்படுகின்றன. சேர்வோரின் குலத்தையும் சமயத்தையும் அங்கே எவரும் தகுதியாகக் கேட்பதில்லை.

அவ்விருவரும் கலைஞர்களாகிவிடவில்லை. ஒருவன் ஆசிரியர் பயிற்சிக்கும், மற்றவன் திண்டிவனத்தில் ஒரு வேலைக்கும் சென்றுவிட்டனர். ஆனால் அந்த ஆண்டு முழுவதும் அவர்கள் ஒரே இருக்கையில் அமர்ந்திருந்ததைக் கண்டேன். சின்ன மௌலானாவின் தோடி ஒலிப்பதிவை வகுப்பில் ஒலிக்கச் செய்தபோது, எந்த இடத்தில் மூச்சு மாறுகிறது என்பதை ஒருவன் மற்றவனுக்கு விரலால் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தான். கேட்கக் கற்றவர்களும் மரபைக் காப்பவர்களே.

சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம். இஸ்லாமியத் தமிழ்த் தொண்டர்களின் வரிசையை விழாக்களில் எடுத்துரைக்கும்போது, உமறுப்புலவரையும் குணங்குடியாரையும் போற்றும் அதே நாவால் திருவரங்கத்துச் சின்ன மௌலானா சாகிபையும் ஒருமுறை குறிப்பிடுங்கள். நம் பிள்ளைகள் தாங்கள் வாழும் மண்ணில் தங்களுக்குரிய இடத்தை அறிந்துகொள்ள அது துணைபுரியும்.

எல்லாப் புகழும் இறைவனுக்கே.